மேற்படியார் நானேதான்

எங்கள் பகுதி ரேஷன் கடையில் சென்ற மாதம் எனக்கு முன்னால் ஓர் ஆயா நின்றிருந்தார். விரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை. ‘தலையில தேய்ச்சுட்டு வை ஆயா, எண்ணெய் பட்டா விழும்’ என்று வரிசையிலிருந்து ஒருவர் வைத்தியம் சொன்னார். அதையும் செய்து பார்த்தாயிற்று. ‘ரேகை விழலை ஆயா’ என்றார் கடைக்காரர். சித்தாள் வேலை பார்த்தே தேய்ந்துபோன விரல். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘நான்தான்யா இது. போன மாசமும் நான்தானே வந்து வாங்கினேன்?’

‘எனக்குத் தெரியுது ஆயா. மெஷினுக்குத் தெரியலையே.’

கடைசியில் ஓடிபி அனுப்பினார்கள். அந்த எண் இருந்த போன் திருப்பூரில் பேரனிடம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, எண்களைக் கேட்டு, கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒருவழியாக அரிசி வாங்கிக்கொண்டு போனார். தெருவே அறிந்த மனுஷியை அவர்தான் அவர் என்று உறுதிசெய்தது எங்கோ திருப்பூரில் இருந்த ஒரு போன்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் படுத்திய சொற்களில் ஒன்று ‘ஐடென்டிட்டி’. வாக்கியத்துக்கு வாக்கியம் அது வேறு முகம் காட்டும். பத்திரிகைத் தமிழில் அதற்கு ‘அடையாளம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நானும் பல முறை அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன். ஆயாவின் கோபத்தைக் கேட்டபோதுதான் ஒன்று உறைத்தது. ‘போன மாசமும் நான்தானே’ என்று அவர் கேட்டாரே, அந்த ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் அதுதான்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘ஈடெம்’. ‘அதே’, ‘அதுவே’ என்று பொருள். நம் பத்திரப்பதிவு அலுவலகத் தமிழில் இதற்கு அச்சு அசலான ஈடு உண்டு: மேற்படி. மேற்படி நிலம், மேற்படி நபர், மேற்படியார். மேலே யாரைச் சொன்னோமோ அவரேதான் இவரும் என்ற உத்தரவாதம். அந்த ‘அதே’யிலிருந்து ‘அதேயாக இருக்கும் தன்மை’ என்று ஒரு பெயர்ச்சொல்லைப் பிற்கால லத்தீன் அறிஞர்கள் உண்டாக்கினார்கள்: ‘ஐடென்டிடாஸ்’. சிசெரோவின் எழுத்தில் தேடினால் இந்தச் சொல் கிடைக்காது. கிரேக்கத் தத்துவத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு ஈடு தேடியபோது பிறந்தது இது. ஆக, என்னைப் படுத்தும் இந்தச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பாளனின் அவஸ்தையில் உருவானது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அது உருவான காலமும் சாதாரணமானதல்ல. கிறிஸ்தவ உலகம் ‘தந்தையும் மகனும் ஒரே பொருளா, ஒத்த பொருளா?’ என்று பிளந்து நின்ற காலம். 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் ‘ஒரே பொருள்’ என்று தீர்த்தும் சண்டை ஓயவில்லை. கிரேக்கத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நம்மிடம் அந்த ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. எழுத்துத் தமிழில் ‘ஒத்த’ என்றால் போன்ற. பேச்சுத் தமிழில் ‘ஒத்த’ என்றால் ஒற்றை. ஒத்த கருத்து வேறு, ஒத்த ரூபாய் வேறு. ஒரே ஒலியில் ஒப்பும் தனிமையும் குடியிருக்கின்றன. ‘ஐடென்டிட்டி’யின் தொல்லையும் இதேதான். இன்னொன்றோடு ஒன்றாக இருப்பதும் அது, எதனோடும் ஒன்றாகாமல் தனித்து நிற்பதும் அது.

பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது முதல் பொருள்தான் இருந்தது. அந்தப் பொருளைக் கணக்கு இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறது. நம் பள்ளிப் புத்தகத்தில் ‘முற்றொருமை’ என்று படித்தோமே, அது இதே ஆங்கிலச் சொல்தான். சமன்பாடு சில மதிப்புகளுக்கு மட்டும் சரிவரும். முற்றொருமை எந்த மதிப்பைப் போட்டாலும் சரிவரும். எண்ணோடு சேர்த்தாலும் எண்ணை மாற்றாத பூஜ்ஜியத்துக்குக் கூட்டல் ‘சமனி’ என்று பெயர்; அதுவும் இதே சொல்தான். கணக்குப் புத்தகம் எழுதியவர்கள் ‘கூட்டல் அடையாளம்’ என்று போட்டிருந்தால் மாணவர்கள் சிலுவைக் குறியைத்தான் வரைந்திருப்பார்கள். அவர்கள் யோசித்தார்கள். நாம் யோசிக்கவில்லை.

மனிதர்கள் பக்கம் இந்தச் சொல்லைத் திருப்பியதில் பெரும்பங்கு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கு உண்டு. மனித அறிவைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் பதிப்பில் அந்த அத்தியாயம் இல்லை. அயர்லாந்து நண்பர் வில்லியம் மாலினோ கேட்டுக்கொண்டதால் 1694இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். ஓர் இளவரசனின் நினைவெல்லாம் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடலுக்குள் புகுந்துவிட்டால் அங்கே இருப்பது யார் என்று அதில் கேட்கிறார். பார்ப்பவர்களுக்கு அவர் அதே செருப்புத் தொழிலாளி. ஆனால் இளவரசன் செய்த குற்றத்துக்கு யாரைத் தண்டிப்பது? உள்ளே நினைவோடு இருப்பவனைத்தான் என்கிறார் லாக். ‘நபர்’ என்பதே நீதிமன்றத்துக்கு உரிய சொல் என்றும் சொல்கிறார். நேற்றைய செயலுக்கு இன்று பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ‘அதே ஆள்’ என்று நிறுவ வேண்டும். தத்துவத்தின் வழியே வந்தாலும் கடைசியில் சாட்சிக்கூண்டில் வந்து நிற்கிறது சொல்.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. லாக்குக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சேக்கிழார் திருமூலர் வரலாற்றில் இதைச் சொல்லிவிட்டார். சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்ட யோகியார் அவன் உடலில் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத கணவனைத் தேடி மனைவி வருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் அவர். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். எனக்கு இதில் பிடித்தது, பசுக்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை என்பது. உடலும் வாசனையும் அவற்றுக்குப் போதும். மனைவிக்குப் போதவில்லை. ஒரே கதைக்குள் இரண்டு வகையான ‘அதே’. சேக்கிழாரைப் படித்திருந்தால் லாக் செருப்புத் தைப்பவரைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

தத்துவம் இப்படி உள்ளே தேடிக்கொண்டிருக்க, அரசாங்கம் பசுக்களின் வழியைப் பிடித்தது. அது தொடங்கிய இடம் வங்காளம். 1858இல் ஜங்கிப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை கொண்டுவர ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரை அமர்த்தினார். பின்னால் ‘இது என் கையெழுத்தல்ல’ என்று சொல்லிவிடக் கூடாதே என்று ஒப்பந்தத் தாளின் பின்புறம் அவர் உள்ளங்கையில் மை தடவிப் பதித்துக்கொண்டார். விஞ்ஞானம் ஏதுமில்லை, சற்று மிரட்டி வைக்கும் உபாயம்தான். பிறகு 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியக்காரர்களிடம் ரேகை வாங்கத் தொடங்கினார். ஆள் இறந்த பிறகும் ஓய்வூதியத்தை வேறு யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது காரணம். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றுக்காக அலையும் நம் ஓய்வூதியர்கள் அந்த வரிசையின் இன்றைய நீட்சி.

1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்தது. ரேகைகளை வகைபிரித்துத் தேடும் முறையை உருவாக்கியதில் பெரும் உழைப்பு அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரண்டு இந்தியர்களுடையது. உலகம் அதை மேலதிகாரியின் பெயரால் ‘ஹென்றி முறை’ என்கிறது. ஆளை ஆள் என்று நிறுவும் முறையை வகுத்தவர்களுக்கே அது தம்முடையது என்று நிறுவ முடியாமல் போனது. 1901இல் அந்த முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போயிற்று.

ரேகை உதவாத வழக்குகளும் உண்டு. பாவால் சந்நியாசி வழக்கு அப்படிப்பட்டது. டாக்கா அருகே பாவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. 1921இல் டாக்கா ஆற்றங்கரையில் சாம்பல் பூசி உட்கார்ந்திருந்த ஒரு சாமியாரை ஊர் ‘குமாரர்’ என்றது. சகோதரி ஏற்றுக்கொண்டார். மனைவி ஏற்கவில்லை. 1930இல் வழக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், மச்சம், தழும்பு, பச்சை குத்திய இடம், காலின் சொரசொரப்பு என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். இந்த வங்காள ஜமீன்தார் ஏன் இந்தி பேசுகிறார் என்றும் கேட்டார்கள். 1936இல் கீழ்நீதிமன்றம், 1940இல் உயர் நீதிமன்றம், 1946 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சில் என்று மூன்று இடத்திலும் சாமியாரே குமாரர் எனத் தீர்ப்பு. சில நாட்களிலேயே அவர் இறந்தார். மனைவி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மூலனின் மனைவியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதுவரை ‘ஐடென்டிட்டி’ என்றால் ‘இவர்தானா அவர்?’ என்ற கேள்விக்கான பதில். 1930களில் அமெரிக்காவில் வெளிவந்த சமூக அறிவியல் கலைக்களஞ்சியத்தில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே கிடையாது. ‘ஆளறிதல்’ என்ற தலைப்பில் ரேகைப் பதிவும் குற்றப் புலனாய்வும்தான் இருந்தன. 1968இல் புதிய கலைக்களஞ்சியம் வந்தபோது நீண்ட கட்டுரை இடம்பெற்றது. எழுதியவர் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன். சொல்லைப் புரட்டிப்போட்டவர் அவர்தான்.

அவர் வாழ்க்கையைப் பார்த்தால் வேறு யாரால் அதைச் செய்திருக்க முடியும் என்று தோன்றும். 1902இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். தாய் டென்மார்க் நாட்டு யூதப் பெண். தந்தை யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தாய் மணந்த குழந்தை மருத்துவர் ஹோம்பர்கரைத்தான் தந்தை என்று நம்பி வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால் யூதக் கோயிலில் ‘நீ வேற்றாள்’ என்றார்கள். பள்ளியில் ‘நீ யூதன்’ என்றார்கள். வியன்னாவில் அன்னா ஃபிராய்டிடம் பயின்று, நாஜிகள் தலையெடுத்த ஆண்டில் அமெரிக்கா போனார். 1939இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது தன் பெயரை எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்! தகப்பன் பெயர் தெரியாதவன் தன்னையே தகப்பனாக்கிக்கொண்டான். இனிஷியலுக்குத் தன் பெயரின் முதலெழுத்தையே போட்டுக்கொண்ட மாதிரி.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு சான் பிரான்சிஸ்கோவில் சிகிச்சை அளித்தபோது ஒன்றைக் கவனித்தார். அவர்களுக்குத் தாம் யார், பெயர் என்ன என்பதெல்லாம் நினைவிருந்தது. ஆனால் ‘நேற்றைய நான் இன்றும் தொடர்கிறேன்’ என்ற உணர்வு அறுந்திருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’. பிற்பாடு அதைப் பதின்பருவத்தினர் அனைவருக்கும் பொருத்தினார். இதே எரிக்சன்தான் இந்தியா வந்து, 1918இல் அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டத்தில் காந்தி எப்படி காந்தி ஆனார் என்று ஆராய்ந்து 1969இல் நூல் எழுதினார். அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

லாக்கின் சொல்லில் நீங்கள் அதே ஆள்தானா என்று பிறர் கேட்டார்கள். எரிக்சனின் சொல்லில் நான் யார் என்று நானே கேட்கிறேன். கேட்பவர் மாறினார், சொல் மாறவில்லை. அங்கிருந்து அது வேகமெடுத்தது. 1977இல் பாஸ்டனில் கருப்பினப் பெண்களின் சிறு குழுவான கொம்பாஹி ரிவர் கலெக்டிவ் தன் அறிக்கையில் ‘ஐடென்டிட்டி பாலிடிக்ஸ்’ என்ற தொடரைப் பயன்படுத்தியது. பெண்கள் இயக்கத்தில் கருப்பர்களாகவும், கருப்பர் இயக்கத்தில் பெண்களாகவும் ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே முன்னெடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்கள் வாதம். இன்று வசைச்சொல்லாக அதைச் சுழற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிறப்பிடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தொடர் தமிழில் ‘அடையாள அரசியல்’ ஆனது. என் வழக்கு இங்கேதான். தமிழில் ‘அடையாள உண்ணாவிரதம்’ என்றால் என்ன? காலையில் உட்கார்ந்து மாலையில் பழரசம் குடித்து எழுந்துவிடுவது. ‘அடையாள வேலைநிறுத்தம்’ ஒரு நாள் எச்சரிக்கை. ‘அடையாள அணிவகுப்பு’ காவல்துறையின் வேலை. பள்ளி மாற்றுச் சான்றிதழின் ‘அங்க அடையாளம்’ வலது கன்னத்து மச்சம். தமிழில் அடையாளம் என்பது குறி. பொருளைக் காட்டும் வெளித்தடயம், பொருள் அன்று. எனவே ‘தலித் அடையாள அரசியல்’ என்று எழுதும்போது, எழுதுகிறவர் எண்ணாமலேயே ‘சும்மா பெயருக்குச் செய்கிற அரசியல்’ என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒடுக்கப்பட்டவர் தன்னிருப்பைச் சொல்வதை ஒரு நாள் உண்ணாவிரதத்தின் வரிசையில் வைத்துவிட்டோம். மொழிபெயர்ப்பில் நேர்ந்த விபத்துதான். ஆனால் சிலருக்கு வசதியான விபத்து.

‘அடையாளம்’ பழுதான சொல் என்று நான் சொல்லவில்லை. பெரியாழ்வார் அதை எவ்வளவு துல்லியமாகக் கையாண்டிருக்கிறார்! அவருடைய திருமொழியில் அசோகவனத்து அனுமன் சீதையிடம் தான் இராமதூதன்தான் என்று நிறுவ ஒரு பதிகம் முழுக்க அடையாளங்களாக அடுக்குகிறான். மல்லிகை மாலையால் கட்டியது, குகனோடு கொண்ட தோழமை, சித்திரகூடத்துக் காக்கை. இருவருக்குள் மட்டும் இருந்த நினைவுகளும் அதில் வருகின்றன. வங்கிக்காரர்கள் ‘நீங்கள் படித்த முதல் பள்ளி எது?’ என்று கேட்கிறார்களே, அதன் அழகான மூதாதை. கடைசியில்தான் மோதிரம். சீதை அவை ஒத்துப்போகின்றன என்று கண்டு ஏற்கிறாள். அங்கே அடையாளம் சான்று. சான்று ஒத்தால் ஆள் உறுதி. மோதிரத்தை இராமன் என்று யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. ‘அடையாள அட்டை’ என்பதும் அதனால்தான் குற்றமற்ற தமிழ். பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணும் மோதிரம்தான். நாம்தான் மோதிரம் விரலில் ஏறவில்லை என்றால் ஆளே இல்லை என்கிறோம்.

இந்தச் சிக்கலைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ரிக்கர். 1990இல் வந்த நூலில், ஒரே சொல்லுக்குள் இரண்டு லத்தீன் சொற்கள் சிக்கியிருக்கின்றன என்றார். ஒன்று ஈடெம், இன்னொன்று இப்ஸே. முன்னது காலத்தால் மாறாத ஒருமை: ரேகை, மச்சம், குணத்தின் பழக்கங்கள். பின்னது தானாக இருத்தல். அதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு வாக்குறுதி: உடல் மாறும், மனம் மாறும், விருப்பம் மாறும், ஆனாலும் ‘அன்று சொன்னவன் நான், செய்கிறேன்’ என்று நிற்பது. படித்தபோது சிரிப்பு வந்தது. ஐரோப்பா அவ்வளவு தூரம் சுற்றி வந்து பிரித்த இரண்டும் நம் அன்றாடப் பேச்சில் தனித்தனியாகக் கிடக்கின்றன: அதே, தான். ‘அதே ஆள்’ என்பது ஈடெம். ‘நான்தான்’ என்பதில் ஒட்டிய ‘தான்’ இப்ஸே. போதாக்குறைக்கு, நம் இலக்கணத்தில் ‘தன்மை’ என்றால் இயல்பு. ‘நான்’, ‘நாம்’ வரும் இடத்துக்கும் பெயர் தன்மை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மச்சத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆயாவின் கதையில் கருவி கேட்டது ஈடெம்: சென்ற முறை பதிந்த ரேகையும் இன்றைய ரேகையும் ஒன்றா? ஆயா சொன்னது இப்ஸே: நான்தான்யா. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதால்தான் அவருடைய பதில் கருவிக்கு ஏறவில்லை. என் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஏறிவிட்டது. ‘இரண்டும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் போட்டுக் கொண்டாங்க’ என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். மேற்படி நபரும் நானும் ஒருவரே என்று நானே எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அங்கே யாருக்கும் நான் யார் என்பதில் அக்கறையில்லை; இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்தால் போதும்.

ஆகவே எழுதுகிறவர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டைக்கும் அணிவகுப்புக்கும் ‘அடையாளம்’ இருக்கட்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லுமிடத்தில் ‘ஒருமை’, ‘முற்றொருமை’. மனிதர் தம்மை இன்னாரென்று உணர்வதைச் சொல்லுமிடத்தில் ‘தன்னுணர்வு’ அல்லது ‘தன்னிருப்பு’. சாதியாலோ மொழியாலோ பாலினத்தாலோ ஒதுக்கப்பட்டோர் திரண்டு உரிமை கேட்பதைச் சொல்லுமிடத்தில் அதை அப்படியே, எந்த உரிமை என்று பெயர் சொல்லி எழுதலாம். இரண்டு சொல் கூடுதலாகும், ஆகட்டுமே. இவற்றைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்வோம், எனக்குப் பிடிவாதம் இல்லை. பள்ளிக் கணக்குப் புத்தகம் இந்த வேலையை எப்போதோ செய்து முடித்துவிட்டது. நாளிதழ்களும் செய்யலாம், இந்த நாளிதழ் உட்பட.